தொலைக்காட்சித் துறைக் கலைச்சொற்கள்: பொருள் மாற்றமும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

புதுதில்லியின் தென்மேற்கில் வளையச் சாலையை ஒட்டி அமைந்த பகுதி மோதி பாக். மைய அரசு ஊழியர் குடியிருப்புகளால் உருப்பெற்ற இப்பகுதியில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளுள் ஒன்று இயங்குகிறது. இதனை அடுத்துள்ள இராமகிருஷ்ணபுரத்தின் மேற்குத் தொகுதிக் கட்டடங்களில், 1961 அக்டோபர் 1 அன்று நிறுவப்பெற்ற அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் பல்லாண்டுகள் பணியாற்றி வந்தது. இந்தியத் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று சோதனை முறையில் தொடங்கியதும் தில்லியில்தான். இந்திக் கலைச்சொற்கள் ஆக்கப்பட்ட அலுவலகமும் தமிழ் பயிற்றப்படும் பள்ளியும் அருகருகே அமைந்த இச்சூழல், ஒரே தொழில்நுட்பத்துக்கு இரு மொழிகள் பெயரிட்ட முறைகளை ஒப்பிட்டுக் காண்பதற்கு ஏற்றது.

தொலைக்காட்சித் துறையைப் பொறுத்தவரை தமிழில் சொற்பஞ்சம் இல்லை. தொலைக்காட்சி, ஒளிபரப்பு, அலைவரிசை, செயற்கைக்கோள், நேரலை, நெடுந்தொடர், சின்னத்திரை போன்றவை நாள்தோறும் வழங்கும் சொற்களாகிவிட்டன. மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு வேறு வகையானது. ஒவ்வொரு சொல்லும் அது தோன்றிய காலத்துத் தொழில்நுட்பத்தை ஒட்டிப் பொருள் பெறுகிறது. தொழில்நுட்பம் மாறும்போது சொல் நிலைத்து நிற்க, பொருள் மட்டும் நகர்ந்துவிடுகிறது. இதனால் ஒரே சொல் அலையையும், அலை செல்லும் தடத்தையும், அத்தடத்தில் வரும் சேவையையும், அச்சேவையை நடத்தும் நிறுவனத்தையும் குறிக்கும் நிலை ஏற்படுகிறது. அன்றாட வழக்கில் இஃது இடையூறு செய்வதில்லை. சட்டம், தீர்ப்பு, கட்டண ஆணை ஆகியவற்றின் மொழிபெயர்ப்பில் பொருளையே மாற்றிவிடக்கூடும். இக்கட்டுரை 'தொலைக்காட்சி', 'ஒளிபரப்பு', 'அலைவரிசை' ஆகிய மூன்று சொற்களை முதன்மையாகக் கொண்டு இந்நிலையை ஆராய்கிறது.

2. தொலைக்காட்சியும் தூர்தர்ஷனும்

'தொலைக்காட்சி' என்னும் தமிழ்ச் சொல்லும் 'தூர்தர்ஷன்' என்னும் இந்திச் சொல்லும் ஒரே முறையில் ஆக்கப்பட்டவை. இரண்டும் தொலைவு, காண்டல் ஆகிய இரு கருத்துகளின் சேர்க்கை. ஆயினும் இரண்டின் வாழ்வும் வேறுபட்டன.

1976 ஏப்ரல் 1 அன்று தொலைக்காட்சி அகில இந்திய வானொலியிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி அமைப்பாயிற்று. அவ்வமைப்புக்கு 'தூர்தர்ஷன்' என்பதே பெயராக அமைந்தது. பொதுப்பெயர் நிறுவனப் பெயரானதும், இந்தியில் கருவியையும் ஊடகத்தையும் குறிப்பதற்கு 'டெலிவிஷன்', 'டிவி' ஆகியவை மேலோங்கின. தனியார் நிறுவனம் ஒன்று தன் சேவைக்குத் 'தூர்தர்ஷன்' என்று பெயரிட இயலாது. அச்சொல் ஏற்கெனவே ஒருவருக்கு உரியதாகிவிட்டது.

தமிழில் நிலைமை வேறு. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னை நிலையம் தொடங்கப்பட்டபின், நிறுவனப் பெயர் 'தூர்தர்ஷன்' என்று ஒலிபெயர்ப்பாகவே வழங்க, 'தொலைக்காட்சி' பொதுப்பெயராகவே நின்றது. எனவே 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய சன் தொலைக்காட்சியும் பின்னர் வந்த ராஜ், ஜெயா, மக்கள், கலைஞர் முதலியவையும் அப்பொதுப்பெயரைத் தம் பெயருடன் இணைத்து வழங்க முடிந்தது. இதன் விளைவாகத் தமிழில் 'தொலைக்காட்சி' மூன்று பொருள்களைப் பெற்றுள்ளது: ஊடகம், பெட்டி, ஒரு தனிச் சேவை அல்லது அதன் நிறுவனம். 'அவ்வீட்டில் இரண்டு தொலைக்காட்சிகள் உள்ளன' என்னும்போது பெட்டியும், 'தமிழில் பல தொலைக்காட்சிகள் உள்ளன' என்னும்போது சேவையும் குறிக்கப்படுகின்றன. சூழல் பொருளைத் தெளிவாக்குகிறது. ஆனால் விதிமுறை ஆவணத்தில் சூழலை நம்பியிருத்தல் தகாது.

சொல்லமைப்பிலும் ஒன்று நோக்கத்தக்கது. 'தொலை' என்னும் முன்சொல்லோடு காட்சி, தொடர்பு ஆகிய பெயர்கள் சேரும்போது தொலைக்காட்சி, தொலைத்தொடர்பு என வல்லினம் மிகுகிறது. 'பேசி' என வினையடியாகப் பிறந்த கருவிப்பெயர் சேரும்போது தொலைபேசி என இயல்பாக நிற்கிறது. புதுச்சொற்களும் தமிழின் உள்ளமைப்புக்கு இயைய நடக்கின்றன என்பதற்கு இது சான்று.

3. ஒலிபரப்பு, ஒளிபரப்பு, பிரசாரண்

ஆங்கிலத்தில் 'பிராட்காஸ்டிங்' என்பது விதையை வயலெங்கும் வீசி விதைத்தலைக் குறித்த சொல். வானொலிக் காலத்தில் அது பொருள் விரிவு பெற்றது. ஒலி மட்டும் பரப்பப்படுவதையும், படத்துடன் ஒலி பரப்பப்படுவதையும் அச்சொல் ஒருங்கே குறிக்கும். இந்தியின் 'பிரசாரண்' என்னும் சொல்லும் அவ்வாறே இரண்டுக்கும் பொதுவானது.

தமிழ் இவ்விடத்தில் பகுத்து நோக்கியது. வானொலிக்கு 'ஒலிபரப்பு', தொலைக்காட்சிக்கு 'ஒளிபரப்பு' என ஓரெழுத்து வேறுபாட்டில் இரு சொற்கள் அமைந்தன. லகர ளகர வேறுபாடு ஒன்றே இரண்டு ஊடகங்களைப் பிரித்துக் காட்டும் இவ்விணை, கலைச்சொல்லாக்கத்தில் சிக்கனமும் நயமும் உடையது. எனினும் இது மூன்று சிக்கல்களைக் கொண்டுவருகிறது.

முதலாவது ஒலிப்புப் பற்றியது. பொது இந்தியில் ளகரம் இல்லை. மோதி பாக் போன்ற இடங்களில் தெருவிலும் கடையிலும் இந்தி பேசி வளரும் தமிழ்ச் சிறார்க்கு, இவ்விணையின் வேறுபாடு அவர்தம் சுற்றுமொழியில் இல்லாத ஓர் ஒலியனைச் சார்ந்ததாகிறது. தமிழகத்திலும் பேச்சில் இவ்வேறுபாடு நெகிழுமிடங்களில் எழுத்தே துணை. செவிவழிச் செய்தியாகக் கேட்கப்படும் ஒரு துறையின் அடிப்படைச் சொற்கள் எழுத்தைப் பார்த்தே தெளிய வேண்டியனவாக இருப்பது முரணாகும்.

இரண்டாவது, இரண்டுக்கும் பொதுவான சொல் இல்லாமை. தொலைக்காட்சியையும் ஆளுகின்ற மைய அமைச்சகம் தமிழில் 'தகவல் ஒலிபரப்புத் துறை' எனப்படுகிறது. இங்கு 'ஒலிபரப்பு' மூத்த ஊடகத்தின் பெயராயிருந்து, பின்வந்த ஊடகத்தையும் தன்னுள் அடக்கும் பொதுப்பெயராக நிற்கிறது. அதே ஆவணத்தின் அடுத்த பத்தியில் வானொலியை மட்டும் குறிக்கும் சிறப்புப்பெயராகவும் அது வரக்கூடும். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 31-ஆம் பதிவு அஞ்சல், தந்தி, தொலைபேசி, கம்பியில்லாத் தொடர்பு ஆகியவற்றுடன் பிராட்காஸ்டிங்கையும் இவை போன்ற பிற தொடர்பு வகைகளையும் குறிப்பிடுகிறது. 1950-இல் இந்தியாவில் தொலைக்காட்சி இல்லை. ஆயினும் மூலச்சொல் பொதுச்சொல்லாதலின் தொலைக்காட்சி எவ்விதத் திருத்தமுமின்றி அதனுள் அடங்கியது. அவ்விடத்தில் 'ஒலிபரப்பு' என்று மட்டும் பெயர்த்தால், தமிழ் மட்டும் அறிந்தவர் தொலைக்காட்சி அப்பதிவின் தெளிவான பொருளுக்குப் புறம்பானது என்றே கொள்வர். 'ஒலி, ஒளிபரப்பு' என இணைத்துப் பெயர்ப்பது சற்று நீளமாயினும் பொருள் குறையாதது. அல்லது, ஒலிபரப்பு என்பது ஒளிபரப்பையும் உள்ளடக்கும் என்று வரையறைப் பகுதியில் ஒருமுறை கூறிவிடலாம்.

மூன்றாவது, இந்திச் சொல் தமிழில் நுழையும்போது நேரும் பொருள் மயக்கம். இந்தியில் 'பிரசார்' என்றால் பரவல். 'ப்ரச்சார்' என்றால் ஒரு கருத்தைப் பரப்பி ஆதரவு திரட்டுதல். இரண்டும் வெவ்வேறு மெய்களை உடைய வெவ்வேறு சொற்கள். தமிழிலோ பின்னதே 'பிரசாரம்' என்னும் வடிவில் நெடுங்காலமாக வழங்குகிறது. சகர எழுத்து இரண்டு ஒலிகளுக்கும் இடங்கொடுப்பதே காரணம். இதனால், 1990-இல் சட்டம் இயற்றப்பட்டு 1997-இல் நடைமுறைக்கு வந்த தன்னாட்சி அமைப்பின் பெயரான 'பிரசார் பாரதி' தமிழ்ச் செவிக்குப் பரவலை உணர்த்துவதில்லை. தேர்தல் மேடையின் பிரசாரத்தையே நினைவூட்டுகிறது. அரசின் பிடியிலிருந்து விலகி நிற்பதற்கென உருவாக்கப்பட்ட ஓர் அமைப்பின் பெயர், எழுத்துமுறையின் விளைவாக நேர்மாறான குறிப்பைத் தருகிறது. நிறுவனப் பெயரை மொழிபெயர்த்தல் கூடாது எனினும், முதல்முறை குறிக்கும்போது 'ஒலி, ஒளிபரப்புக் கழகமான பிரசார் பாரதி' என விளக்கம் சேர்த்தல் நன்று.

4. அலை சார்ந்த சொற்கள்

அலையை அடியாகக் கொண்ட சொற்கள் வானொலிக் காலத்திலிருந்தே தமிழில் வளர்ந்து வந்துள்ளன. சிற்றலை, மத்திய அலை, பண்பலை ஆகியவை வானொலி நேயர்கள் நன்கறிந்தவை. 'பண்பலை' என்பது அதிர்வெண் பண்பேற்றம் என்னும் நீண்ட தொடரின் சாரத்தைச் சுருக்கி எழுந்த வடிவம். கலைச்சொற்கோவையில் உள்ள முழுத்தொடர் பாடநூலோடு நிற்க, சுருங்கிய வடிவம் மக்களிடம் நிலைத்தது.

இவ்வகைச் சொற்களின் எல்லைகளை வரையறுத்தல் இன்றியமையாதது. ஒரு நொடியில் நிகழும் அலைவுகளின் எண்ணிக்கை அதிர்வெண். ஓர் எல்லையிலிருந்து மற்றோர் எல்லை வரையுள்ள அதிர்வெண்களின் தொகுதி அலைப்பட்டை. தொடர்புக்குப் பயன்படுத்தத்தக்க அதிர்வெண்கள் அனைத்தும் சேர்ந்த வளம் அலைக்கற்றை. இவற்றுள் 'அலைக்கற்றை' ஒரு காலத்தில் துறைசார்ந்தோர் மட்டும் அறிந்த சொல்லாயிருந்தது. இரண்டாம் தலைமுறைச் செல்பேசி உரிமங்கள் பற்றிய செய்திகள் 2010-ஆம் ஆண்டை ஒட்டி இடையறாது வெளிவந்தபின், அது தமிழகத்தின் எல்லா நாளேடுகளிலும் ஒரே பொருளில் நிலைபெற்றது. அறிஞர் குழு செய்ய வேண்டிய தரப்படுத்தத்தைச் செய்தித்தாள்கள் செய்து முடித்தன.

5. அலைவரிசையின் பொருள் நகர்வு

'அலைவரிசை' முதலில் அலைப்பட்டையைக் குறித்தது. மத்திய அலைவரிசை, சிற்றலைவரிசை என்னும் வானொலி வழக்குகள் இதனைக் காட்டும். பின்னர் அது ஆங்கிலச் 'சேனல்' என்னும் சொல்லுக்கு நிகராயிற்று. இம்மாற்றத்தின் காரணம் பழைய ஒளிபரப்பு முறையில் உள்ளது.

இந்தியா மேற்கொண்ட பால் வண்ணமுறையில் ஒரு படம் 625 வரிகளாகப் பகுக்கப்பட்டது. நொடிக்கு 25 முழுப்படங்கள். ஒவ்வொன்றும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரு பாதிகளாக அனுப்பப்பட்டமையால் நொடிக்கு 50 பாதிப்படங்கள். பாடநூல்கள் 'வரிக்கண்ணோட்டம்' என்று குறித்த செயல் இதுவே. படத்துக்கும் அதனோடு செல்லும் ஒலிக்குமாகச் சேர்த்து மீயுயர் அதிர்வெண் பகுதியில் 7 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள இடம் ஒதுக்கப்பட்டது. சான்றாக, 174 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையின் அகலம் 56 மெகாஹெர்ட்ஸ்; அதில் எட்டு இடங்களே அமையும். ஓர் இடத்தில் ஒரு நிகழ்ச்சியோட்டம் மட்டுமே செல்லும். எனவே, அலை செல்லும் இடமும் அவ்விடத்தில் வரும் சேவையும் பார்வையாளருக்கு ஒன்றாகவே தோன்றின. 1984-இல் தில்லியில் தூர்தர்ஷனின் இரண்டாவது சேவை தொடங்கியபோது, 'இரண்டாவது அலைவரிசை' என்னும் தொடர் இரு பொருளிலும் சரியாகவே இருந்தது. பெட்டியின் குமிழை வேறோர் இடத்துக்குத் திருப்பினால் வேறொரு நிகழ்ச்சி வந்தது.

இலக்கமுறை ஒளிபரப்பு இவ்வொருமையைக் குலைத்தது. படமும் ஒலியும் எண்களாக்கப்பட்டுச் சுருக்கப்பட்டபின், பல நிகழ்ச்சியோட்டங்கள் ஒரே ஊர்தியலையில் பின்னிச் செல்லலாயின. முன்பு ஒரேயொரு சேவையைச் சுமந்த செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர் ஒன்று, இன்று பத்துக்கும் மேற்பட்டவற்றைச் சுமக்கிறது. தில்லியில் 2012 அக்டோபர் 31-ஐ இறுதி நாளாகக் கொண்டு பழைய முறையிலான கேபிள் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, செட்டாப் பாக்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் பார்வையாளர் அழுத்தும் எண் அதிர்வெண்ணோடு எவ்விதத் தொடர்பும் உடையதன்று. அது பட்டியலில் இடப்பட்ட வரிசை எண் மட்டுமே. 'அலைவரிசை' என்னும் சொல்லில் இன்று 'வரிசை' பொருந்துகிறது, 'அலை' உவமையாகிவிட்டது. இணையவழியே நேரில் காட்டப்படுவதையும் 'நேரலை' என வழங்குவது இத்தகையதே.

இப்பொருள் நகர்வின் விளைவு தீர்ப்பு ஒன்றை மொழிபெயர்க்குமிடத்துப் புலப்படும். மேற்கு வங்கக் கிரிக்கெட் சங்க வழக்கில் 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, வான்வழி அலைகள் அல்லது அதிர்வெண்கள் பொதுச்சொத்து என்று கூறியது. இதனை 'அலைவரிசைகள் பொதுச்சொத்து' எனப் பெயர்த்தால், வானொலிக் கால வழக்கின்படி பிழையில்லை. இன்றைய வாசகர் அதனைத் தனியார் தொலைக்காட்சிச் சேவைகளே பொதுச்சொத்து என்று பொருள் கொள்வார். நீதிமன்றம் பேசியது வரம்புடைய ஓர் இயற்கை வளத்தைப் பற்றி; அவ்வளத்தைப் பயன்படுத்தும் நிறுவனங்களின் உடைமையைப் பற்றியன்று. ஒரு சொல்லின் பொருள் நகர்வு ஓர் உரிமைக் கோட்பாட்டையே திரித்துவிடுவதை இங்குக் காணலாம்.

6. கட்டண ஆணையில் சொற்கள்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017-இல் வெளியிட்ட கட்டண ஆணை 2019 தொடக்கத்தில் வீடுகளில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை துறைசார்ந்தோரிடம் மட்டும் வழங்கிய பல சொற்கள், மாதக் கட்டணச் சீட்டின் வழியே மக்களிடம் வந்து சேர்ந்தன. இவற்றின் மொழிபெயர்ப்பு நேரடியாகப் பணத்தோடு தொடர்புடையது.

அவ்வாணைப்படி முதல் நூறு சேவைகளைக் கொண்டுவந்து தருவதற்கான பிணையக் கொள்திறன் கட்டணம் வரி நீங்கலாக மாதம் 130 ரூபாய்க்கு மேற்படலாகாது. உயர்தெளிவுச் சேவை ஒன்று, எண்ணிக்கைக்கு இரண்டு இயல்புத் தெளிவுச் சேவைகளாகக் கொள்ளப்பட்டது. 2020-இல் இவ்வரம்பு திருத்தப்பட்டது; 2024-இல் உச்சவரம்பே நீக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டு விதியைத் தமிழில் 'முதல் நூறு அலைவரிசைகள்' என்று மட்டும் பெயர்த்தால், ஐம்பது உயர்தெளிவுச் சேவைகளைத் தேர்ந்த ஒருவர் தமக்கு இன்னும் ஐம்பது எஞ்சியிருப்பதாகவே கருதுவார். விதியில் எண்ணப்பட்டது சேவை அன்று. அது கொள்ளும் இடம். 'நூறு அலகுகள்' எனக் கூறி, ஒரு சேவைக்கு எத்தனை அலகு என்று தனியே விளக்குவதே பொருளுக்கு இயைந்த பெயர்ப்பாகும்.

'ஃப்ரீ டு ஏர்' என்பதற்கு வழங்கும் 'இலவச அலைவரிசை' என்னும் தொடரும் இவ்வாறே மயக்கம் தருவது. அத்தகைய சேவைக்கு அதனை நடத்தும் நிறுவனம் தனி விலை குறிப்பதில்லை என்பதே மூலப்பொருள். கேபிள் அல்லது கட்டணச் செயற்கைக்கோள் சேவை வழியே அதனைப் பெறுபவர் கொள்திறன் கட்டணத்தைச் செலுத்தியே ஆக வேண்டும். 'இலவசம்' என்று படித்தவர் கட்டணச் சீட்டைக் கண்டு ஏமாற்றப்பட்டதாகக் கருதுதல் இயல்பு. 'தனி விலையில்லா அலைவரிசை' என்பது இக்குறையை நீக்கும். 'பொக்கே' என்பதைப் 'பூங்கொத்து' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் பொருந்தாது. 'தொகுப்பு' என்பதே வழக்கில் உள்ளது, அதுவே போதும்.

'நேரடி ஒளிபரப்பு' என்பதும் இரு பொருளுடையது. நிகழும்போதே காட்டுதல் ஒன்று. செயற்கைக்கோளிலிருந்து இடையில் கேபிள் இல்லாமல் வீட்டுக்கே வருதல் மற்றொன்று. முன்னதற்கு 'நேரலை' வழக்கூன்றிவிட்டமையால், பின்னதற்கு 'வீட்டுக்கு நேரடி ஒளிபரப்பு' என முழுமையாகக் கூறினால் மயக்கம் நேராது.

7. பிற தமிழ் வழங்கும் நாடுகள்

ஒரே மொழி பேசுவோர் வெவ்வேறு அரசுகளின் கீழ் வாழும்போது கலைச்சொற்களும் வேறுபடுகின்றன. தமிழகத்தின் அதிர்வெண் இலங்கைப் பாடநூல்களில் 'மீடிறன்', செயற்கைக்கோள் அங்குச் 'செய்மதி', மின்னணுவியல் 'இலத்திரனியல்'. வானொலி அமைப்பின் பெயர் 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' என்றே வழங்குகிறது. 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கிய அரசுத் தொலைக்காட்சியின் பெயரான 'ரூபவாஹினி' சிங்களத்தில் தொலைக்காட்சியைக் குறிக்கும் பொதுப்பெயராகவும் உள்ளது. இலங்கைத் தமிழில் அது நிறுவனப் பெயர் மட்டுமே. தில்லியில் 'தூர்தர்ஷன்' தமிழுக்கு ஆனவாறே கொழும்பில் 'ரூபவாஹினி'யும் ஆயிற்று. இரு நாடுகளிலும் தமிழ் தன் பொதுப்பெயரைத் தனக்கெனக் காத்துக்கொண்டது.

சிங்கப்பூர் வழக்கு தனித்து நோக்கத்தக்கது. அங்குச் சேவையைக் குறிக்க 'ஒளிவழி' என்னும் சொல் வழங்குகிறது. 'வசந்தம் ஒளிவழி' என்பது எடுத்துக்காட்டு. நிகழ்ச்சி ஒளிபரப்பாவதை 'ஒளியேறும்' என்னும் வினையால் உணர்த்துகின்றனர். 'ஒளிவழி'யில் அலை இல்லை. வழி மட்டுமே உண்டு. அவ்வழி வானாயினும் கேபிளாயினும் இணையமாயினும் சொல் பொருந்தும். தொழில்நுட்பத்தின் புறவடிவைப் பற்றாமல் அதன் பயனைப் பற்றி நிற்கும் சொல்லே நெடுநாள் பிழைக்கும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

8. முடிவுரை

அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தின் நெறிமுறைகள் உலகெங்கும் பரவிய சொற்களை அவ்வாறே ஏற்கலாம் என்று கூறி, அவற்றுக்கு ரேடியோவையும் எடுத்துக்காட்டாகத் தருகின்றன. தமிழ் அவ்விடத்தில் 'வானொலி'யைப் பேணியது. இரண்டும் வெற்றி பெற்ற வழிகளே. ஆதலின் கடன்சொல்லா தனிச்சொல்லா என்னும் வினாவைவிட, ஒரு சொல் எந்த நிலையைக் குறிக்கிறது என்னும் வினாவே மொழிபெயர்ப்பாளருக்கு முதன்மையானது.

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில் ஒரு பகுப்பைப் பரிந்துரைக்கலாம். இயற்கை வளத்துக்கு அலைக்கற்றை, அதன் பகுதிக்கு அலைப்பட்டை, அளவுக்கு அதிர்வெண், ஓர் ஒளிபரப்புக்கு ஒதுக்கப்படும் இடத்துக்கு அலைத்தடம், பார்வையாளர் தேர்ந்தெடுக்கும் சேவைக்கு அலைவரிசை, அதனை நடத்துவோர்க்குத் தொலைக்காட்சி நிறுவனம். இவற்றுள் 'அலைத்தடம்' ஒன்றே புதிதாக வேண்டப்படுவது. பிற யாவும் வழக்கில் உள்ளவை. 'அலைவரிசை'யை அதன் பழம்பொருளுக்கு மீட்க முயலுதல் வீண். வழக்கு அதனைச் சேவைக்கு உரியதாக்கிவிட்டது. எஞ்சிய பொருள்களை அதிலிருந்து விலக்கினால் போதும்.

இப்பகுப்பின் தேவை வருங்காலத்தில் மிகும். தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2023 நவம்பரில் பொதுமக்கள் கருத்துக்கென வெளியிட்ட வரைவு மசோதா, இணையவழிக் காட்சித் தளங்களையும் பிராட்காஸ்டிங் என்னும் வரையறைக்குள் கொண்டுவர முற்பட்டது. ஒருவர் விரும்பும் நேரத்தில் விரும்பியதை வரவழைத்துக் காண்பது பரப்புதல் ஆகுமா என்பது சட்ட வல்லுநர்கள் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் அவ்விவாதம் தமிழில் நடைபெறும்போது, 'ஒளிபரப்பு' என்னும் சொல்லைப் பயன்படுத்திய மாத்திரத்திலேயே ஒரு தரப்பின் விடை ஏற்கப்பட்டதாகிவிடும். இணையத்தில் வருவதற்கு 'காட்சி வழங்கல்' போன்ற நடுநிலைத் தொடரை முதலில் ஆண்டு, சட்டம் முடிவு கூறியபின் உரிய சொல்லை ஏற்றலே மொழிபெயர்ப்பாளர் மேற்கொள்ளத்தக்க நெறியாகும்.